உலர்த்தி இயந்திரமும் எண்ணெய்த் துவாய்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் குளிர்காலமொன்றில் நான் ரொறன்ரோவுக்குச் சென்றிருந்தேன். ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கையின் மகளது வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் இரவு நிகழ்ந்த சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று சனிக்கிழமை. வீட்டிலிருந்த முதியவர்கள் வழமைபோல் நல்லெண்ணெய் தேய்த்து முழுகியிருந்தார்கள். எண்ணெய் ஊறிய துவாய்களும், தலையணை உறைகளும், பலகாரம் சுட்ட குசினித் துணிகளும் ஒன்றாகவே சலவை இயந்திரத்தில் குளிர்நீரில் கழுவப்பட்டன. பின்னர் அவை உலர்த்தும் இயந்திரத்தினுள் போடப்பட்டன. அடுத்த தொகுதி உடுப்புகள் காத்திருந்தபடியால், இயந்திரம் தன் சுற்றை முடிப்பதற்கு முன்னரே அதனை நிறுத்திச் சூடான துணிகளை ஒரு பிளாஸ்ரிக் கூடையினுள் அமுக்கி வைத்துவிட்டு எல்லோரும் உறங்கச் சென்றோம்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். "மாமா, ஏதோ கருகிற மணம் வருகுது. உங்களுக்கும் மணக்குதோ?" என்று கேட்டவாறே மருமகள் என் அறைக் கதவைத் தட்டினாள். மணத்தைத் தொடர்ந்து சென்று பார்த்தபோது நிலக்கீழ்த் தளத்திற்கு இறங்கும் படியடியில் இருந்த அந்தக் கூடையிலிருந்தே மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. அவளுடைய கணவர் கூடையை அப்படியே தூக்கிச் சென்று வெளியே பனியில் வைத்தார். தீயணைப்பு வீரர்கள் வந்து துணிகளைப் பிரித்தபோது நடுவிலிருந்த துவாய்கள் கறுத்துக் கரியாகியிருந்தன. வந்தவர்களுள் மூத்தவராகத் தெரிந்தவர் கேட்ட முதற் கேள்வி, "இந்தத் துணிகளில் எண்ணெய் இருந்ததா?" என்பதுதான்.

அக்கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. அதைவிடத் திகைக்க வைத்த இன்னொரு விடயமும் உண்டு. நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் இளைஞன் அப்போது அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து வந்து ஓராண்டும் ஆகாத பிள்ளை. அவன் மேலே வருவதற்கான ஒரேயொரு படிக்கட்டின் அடியிற்றான் அந்தக் கூடை இருந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் அரசியலையும் யுத்தத்தையும் எழுதிய ஒருவன் துணி காயவைப்பது பற்றி எழுதுவதா என்று சில வாசகர்கள் வியக்கக்கூடும். ஆயின், எம்மவர் பலரது வீடுகளில் நாள்தோறும் இயங்கும் ஒரு கருவியைப் பற்றி எமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை அன்றிரவு நான் உணர்ந்தேன். தெரிந்துகொள்ளாமையின் விலை ஓர் உயிராகவும் இருந்திருக்கலாம்.

நாம் கொடியில் உடுப்புக் காயப்போட்டு வளர்ந்தவர்கள். கிணற்றடியில் துவைத்து, முற்றத்துக் கொடியிலோ கிளுவை வேலியிலோ விரித்துவிட்டால் எஞ்சியதை வெய்யிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். பட்டுச் சேலையை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும், நிறத்துணியை உட்புறம் திருப்பிப் போட வேண்டும் என்பன போன்ற சில விதிகளை அம்மாமார் சொல்லித் தந்தார்கள். அவற்றுக்கு மேல் அறிய எதுவும் இருக்கவில்லை. வெய்யிலில் விரித்த துணியில் எண்ணெய் எஞ்சியிருந்தாலும் அதனால் தீ மூள்வதில்லை. துணி விரிந்திருப்பதால் உண்டாகும் வெப்பம் காற்றோடு போய்விடுகின்றது.

உலர்த்தும் இயந்திரத்தின் நிலை வேறு. மூடிய உருளையினுள் சூடான காற்றைச் செலுத்தி, துணிகளைப் புரட்டிப் புரட்டி நீரை ஆவியாக்குவதே அதன் வேலை. அதற்குள் வெப்பம், காற்று, எரியக்கூடிய துணி ஆகிய மூன்றும் எப்போதும் ஒன்றாக இருக்கின்றன. எனவே அதற்கு வேறு விதிகள் தேவை. அவ்விதிகள் இயந்திரத்தோடு வரும் கைநூலில் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கைநூலை எம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கின்றோம்?

எண்ணெயின் கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது சிறிதளவு வெப்பத்தை வெளிவிடுகின்றன. போத்தலில் இருக்கும் எண்ணெயில் இது பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் பருத்தித் துவாயின் ஆயிரக்கணக்கான இழைகளின் மீது எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவும்போது காற்றுப் படும் பரப்பு பன்மடங்காகின்றது. உலர்த்தியின் வெப்பம் அந்தத் தாக்கத்தை மேலும் விரைவுபடுத்துகின்றது. பின்னர் சூடு ஆறாத துணிகளைக் குவித்து வைத்தால் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் கூடக் கூடத் தாக்கமும் விரைவாகின்றது. இவ்வாறு சில மணி நேரம் கடந்த பின்னர், தீப்பொறி எதுவுமின்றியே, குவியலின் நடுப்பகுதி கருகிப் புகையத் தொடங்கும். இயந்திரத்தை நிறுத்தியாயிற்று, துணியை வெளியே எடுத்தாயிற்று என்று நிம்மதியாக உறங்கும் வேளையிலேயே இது நிகழ்வதுதான் இதிலுள்ள அபாயம்.

எல்லா எண்ணெய்களும் ஒரே தன்மையானவை அல்ல. ஆளிவிதை எண்ணெய் மிக விரைவாகச் சூடேறும். தளபாடங்களுக்கு எண்ணெய் பூசும் தச்சர்கள் அந்தத் துணிகளைக் குவித்து வைக்க அஞ்சுவது இதனாலேயே. சூரியகாந்தி, சோயா, நல்லெண்ணெய் ஆகியன அதற்கு அடுத்த நிலையில் உள்ளன. தேங்காய் எண்ணெய் இவற்றைவிட மிக மெதுவாகவே ஒட்சிசனோடு சேர்கின்றது. ஆயினும் எமது வீடுகளில் ஒரு துணியில் ஓர் எண்ணெய் மாத்திரம் படுவதில்லை. ஆதலால் எண்ணெய்ப் பிசுக்குள்ள துணி எதுவாயினும் ஒரே எச்சரிக்கையோடு நடத்துவதே அறிவுடைமை.

'துணியைத்தான் கழுவிவிட்டோமே' என்று நீங்கள் கேட்கலாம். குளிர்நீரிலோ 30 பாகை நீரிலோ கழுவும்போது எண்ணெய் முழுமையாக நீங்குவதில்லை. சமையல் எண்ணெய், பெற்றோல், மண்ணெண்ணெய், ரேப்பன்ரைன், மெழுகு முதலியன பட்ட துணிகளை உலர்த்தியில் இடுவதற்கு முன்னர் சுடுநீரில், வழமையைவிடக் கூடுதலான சலவைத் தூளிட்டுக் கழுவ வேண்டும் என்பதே இந்த இயந்திரங்களுக்கான சர்வதேச பாதுகாப்பு நியமங்களை ஒட்டிக் கைநூல்களில் அச்சிடப்படும் அறிவுறுத்தல். எனது யோசனை இன்னும் எளிமையானது. கழுவிய பின்னரும் துவாயை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் மணம் இருந்தால் அதனை உலர்த்தியில் இட வேண்டாம், கொடியில் போடுங்கள். முழுக்குக்கெனவும் குசினிக்கெனவும் சில பழைய துணிகளை ஒதுக்கி வைத்து, அவற்றை இயந்திரத்தில் உலர்த்துவதில்லை என்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் நடந்த இரண்டாவது தவறு, சுற்று முடியுமுன் இயந்திரத்தை நிறுத்தியது. உலர்த்தி தன் சுற்றின் கடைசிச் சில நிமிடங்களில் சூடேற்றியை நிறுத்திவிட்டு வெறுங் காற்றையே செலுத்துகின்றது. துணிகள் ஆறுவதற்கான நேரம் அது. அவசரத்தில் நாம் அதனை வீண் நேரமென்று கருதி வெட்டிவிடுகின்றோம். இடையில் நிறுத்தியே ஆக வேண்டுமெனில் எல்லாத் துணிகளையும் உடனே வெளியே எடுத்து, வெப்பம் ஆறும் வகையில் விரித்துவிட வேண்டும். கூடையில் அமுக்கி வைக்கக் கூடாது. ஒருவேளை குவியலிலிருந்து புகை வருவதைக் கண்டால் அதனைக் கிளறிப் பார்க்க வேண்டாம். காற்றுப் பட்டவுடன் சுடர் விட்டு எரியக்கூடும். ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புப் படையை அழைப்பதே முறை. எங்கள் வீட்டில் கூடையைத் தூக்கிச் சென்றது துணிச்சலான செயல் என்றாலும் சரியான செயல் அல்ல என்று அன்று வந்த வீரர்களே கண்டித்துச் சொன்னார்கள்.

இனி ஏனைய துணிகளுக்கு வருவோம். ஒவ்வொரு உடுப்பின் உட்புறத்திலும் ஒரு சிறு பட்டி தைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள சதுரமும் அதனுள் ஒரு வட்டமுமான குறியீடே உலர்த்தியைக் குறிப்பது. வட்டத்தினுள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, அதாவது வெளியேறும் காற்று 60 பாகை செல்சியசைத் தாண்டாத அளவு. இரண்டு புள்ளிகள் இருந்தால் வழமையான சூடு, 80 பாகை வரை. குறியீட்டின் மேல் குறுக்குக் கோடுகள் இருந்தால் உலர்த்தியில் இடவே கூடாது. இலங்கையின் ஏற்றுமதியில் ஆடைத் தொழிலுக்குள்ள இடத்தை வாசகர்கள் அறிவார்கள். கட்டுநாயக்காவிலும், யுத்தத்திற்குப் பின்னர் கிளிநொச்சியிலும்கூட, எமது பெண்கள் நாளெல்லாம் அமர்ந்து தைக்கும் ஆடைகளில் இந்தப் பட்டியும் ஒன்றாகத் தைக்கப்படுகின்றது. அந்த ஆடையை இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாங்கும் எம்மவர், பட்டி கழுத்தில் உறுத்துகின்றது என்று முதல் நாளே வெட்டி எறிந்துவிடுகின்றனர்.

பருத்தித் துணி வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சுருங்கும். நெசவின்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல்கள் நீரிலும் சூட்டிலும் புரளும்போது தம் இயல்பு நிலைக்குத் திரும்புவதே சுருக்கத்தின் காரணம். பின்னல் துணிகளில் இது இன்னும் அதிகம். சற்று ஈரம் இருக்கும்போதே எடுத்து உதறித் தொங்கவிடுவது நல்லது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில்களைப் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரத்திலும் சூட்டிலும் உருளும்போது அவை ஒன்றோடொன்று கொழுவிக்கொள்வதால் கம்பளிச் சட்டை குழந்தைச் சட்டையாகி விடுகின்றது. அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பட்டின் மினுமினுப்பு உராய்வில் மங்கும். சரிகை முறுக்கிக்கொள்ளும். கூறைச் சேலையையும் பட்டு வேட்டியையும் உலர்த்தியின் பக்கமே கொண்டுசெல்லாதீர்கள்.

பொலியெஸ்டர், நைலோன் போன்ற செயற்கை இழைகள் நீரை அதிகம் உறிஞ்சுவதில்லை. ஆதலால் குறைந்த சூட்டில் விரைவில் உலர்ந்துவிடும். அதிக சூட்டில் விட்டால் விழுந்த மடிப்பு நிலைத்துவிடும். இழுபடும் தன்மையுள்ள உள்ளாடைகள், விளையாட்டு உடைகள் என்பன சூட்டில் தம் இழுவையை இழக்கும். எனவே தடித்த பருத்தித் துவாய்களையும் மெல்லிய செயற்கை இழைத் துணிகளையும் ஒன்றாகப் போடுவது தவறு. துவாய் காய்வதற்குள் மற்றது அளவுக்கு மீறிக் காய்ந்துவிடுகின்றது.

படுக்கை விரிப்புகள் சுருண்டு பந்தாகி, வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். ஒரு தடவை நிறுத்திப் பிரித்துவிட வேண்டும். இறகுப் போர்வைகளுக்குப் பெரிய உருளையும் குறைந்த சூடும் நீண்ட நேரமும் தேவை. இரண்டு சுத்தமான ரெனிஸ் பந்துகளைச் சேர்த்துப் போட்டால் இறகுகள் கட்டிபடாது.

வீட்டுத் துணிகளில் உலர்த்திக்கு முற்றாக ஆகாதவை சில உள்ளன. இறப்பர் நுரைத் தலையணைகள், அடிப்பக்கம் இறப்பர் பூசிய குளியலறை விரிப்புகள், நீர் புகாத துணிகள், நுரைத் திண்டு வைத்துத் தைத்த உடுப்புகள் என்பன அவை. இறப்பர் நுரை வெப்பத்தைத் தன்னுள் தேக்கி வைத்துத் தானாகவே தீப்பற்றும் இயல்புடையது. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் பயன்படும் நீர் புகா மெத்தை உறைகளும், பின்புறம் பூச்சுள்ள யன்னல் திரைச்சீலைகளும் பட்டியைப் பார்க்காமல் போடத் தக்கவை அல்ல.

அடுத்தது பஞ்சுத் துகள். ஒவ்வொரு சுற்றிலும் துணியிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் வடிகட்டி வலையில் படிகின்றன. அதனை ஒவ்வொரு முறையும் அகற்ற வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வலையைத் தாண்டிச் செல்லும் துகள்கள் சுவருக்குப் பின்னாலுள்ள வெளியேற்றுக் குழாயில் படிகின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 தீவிபத்துகள் துணி உலர்த்திகளால் ஏற்பட்டன. ஆண்டொன்றுக்கு 5 பேர் மரணமடைந்தனர், 100 பேர் காயமடைந்தனர். சுத்தம் செய்யாமையே முதன்மைக் காரணமாக இருந்தது. குழாய் மெல்லிய தகடாகவோ பிளாஸ்ரிக்காகவோ இருந்தால் அதனை மாற்றி உறுதியான உலோகக் குழாய் பொருத்த வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது அதனைச் சுத்தப்படுத்த வேண்டும். குளிர் நாடுகளில் வெளிவாயைப் பனி மூடியிருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். துணி காய வழமையைவிட அதிக நேரம் எடுக்கின்றது என்றால் குழாய் அடைபட்டிருக்கின்றது என்று கொள்ளலாம்.

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் மீது சுமத்துவதும் நீதியன்று. பிரித்தானியாவில் நடந்ததை இங்கு நினைவூட்ட வேண்டும். 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டெம்பர் வரை ஹொட்பொயின்ட், இன்டெசிட் முதலான பெயர்களில் விற்பனையான 50 இலட்சத்துக்கும் அதிகமான உலர்த்திகளில், பஞ்சுத் துகள் சூடேற்றியில் பட்டுத் தீப்பற்றக்கூடிய குறைபாடு இருப்பதாக 2015 இறுதியில் வேர்ள்பூல் நிறுவனம் அறிவித்தது. ஆனால் இயந்திரங்கள் உடனே மீளப் பெறப்படவில்லை. திருத்துநர் வரும்வரை, அருகில் ஆள் இருக்கும் நிலையில் அவற்றைப் பாவிக்கலாம் என்றே பாவனையாளருக்குக் கூறப்பட்டது. 2016 ஓகஸ்டில் மேற்கு இலண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பொன்றின் ஏழாவது மாடியில் தீ மூண்டது. பழுதுள்ள உலர்த்தியொன்றே அதற்குக் காரணமென இலண்டன் தீயணைப்புப் படை கண்டறிந்தது. 2017 பெப்ரவரியில்தான் மின்னிணைப்பைத் துண்டித்து விடுமாறு அறிவுறுத்தல் மாற்றப்பட்டது. எஞ்சிய இயந்திரங்களை மீளப் பெறும் நடவடிக்கை அரசாங்கத்தின் அழுத்தத்தின் பின்னர் 2019 ஜூலையிலேயே தொடங்கியது. பதினொரு ஆண்டுகளில் குறைந்தது 750 தீச்சம்பவங்கள் இந்த இயந்திரங்களோடு தொடர்புபட்டிருந்தன.

இதிலிருந்து எம்மவர் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. புதிய இயந்திரம் வாங்கினால் அதன் விபரங்களை நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். மீளப் பெறும் அறிவித்தல் பதிவு செய்தவருக்கே நேரடியாக வந்து சேரும். பழைய இயந்திரத்தை உறவினரிடமிருந்தோ விளம்பரத்தைப் பார்த்தோ வாங்கினால் அதன் மாதிரி இலக்கத்தைக் கொண்டு மீளழைப்புப் பட்டியலில் இருக்கின்றதா எனத் தேடிப் பாருங்கள். புதிதாக வந்த குடும்பங்களே பெரும்பாலும் பழைய இயந்திரங்களை வாங்குகின்றன என்பதால் இதனை வலியுறுத்துகின்றேன்.

இப்போது மீண்டும் ஸ்காபரோவின் அந்தப் படியடிக்கு வருகின்றேன். நள்ளிரவில் ஏன் துணி உலர்த்தினோம்? மின்கட்டணம் குறைவு என்பதால்தான். ஒன்ராறியோவில் இரவு 7 மணிக்குப் பின்னர் கட்டணம் குறைகின்றது. 2023 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை இன்னும் மலிவான ஒரு திட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது. இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்திற்கு அந்தச் சில டொலர்கள் முக்கியமானவை என்பதை நான் அறிவேன். ஆனால் உறங்கும்போதும் வெளியே செல்லும்போதும் உலர்த்தியை இயக்க வேண்டாம் என்பதே தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து கூறும் அறிவுரை. மலிவான மின்சாரம் கிடைக்கும் நேரமும் எல்லோரும் கண்ணயரும் நேரமும் ஒன்றாக இருப்பது பெரும் முரண்பாடு. கட்டணத் திட்டங்களை வகுப்போர் இதனையும் கருத்திற்கொள்ள வேண்டும். அதுவரை விழித்திருக்கும் மாலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.

வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வார்த்தை. எமது சமூகத்தில் நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விடுவது வழமை. பல வீடுகளில் சலவை இயந்திரமும் உலர்த்தியும் அங்கேயே இருக்கின்றன. மேலே உறங்குபவரின் துணி கீழே உறங்குபவரின் தலைமாட்டில் சுழல்கின்றது. ஒவ்வொரு தளத்திலும், உறங்கும் அறைகளுக்கு வெளியேயும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். அதன் மின்கலம் இயங்குகின்றதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலிருந்த கருவி அன்றிரவு ஒலிக்கவேயில்லை. சமையற் புகைக்கு அடிக்கடி அலறுகின்றது என்று யாரோ மின்கலத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

இவற்றைச் சொல்வதால் நான் உலர்த்தியை வேண்டாமென்கின்றேன் என எண்ண வேண்டாம். மாதக்கணக்கில் உறைபனி நிலவும் நாட்டில், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், அது ஆடம்பரப் பொருள் அன்று. மூடிய அறைக்குள் ஈரத்துணியைத் தொங்கவிட்டால் சுவரில் பூஞ்சணம் படர்ந்து இழுப்பு நோய் உள்ளவர்களுக்குக் கேடு விளையும். அதேவேளை கோடையில் கொடி கட்ட முடிந்தவர்கள் கட்டலாம். முற்றத்தில் கொடி கட்டுவது அயலின் அழகைக் கெடுக்கும் என்று விதிக்கப்பட்டிருந்த தடைகளை ஒன்ராறியோ அரசாங்கம் 2008 ஏப்ரலில் நீக்கியது. இன்று வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளிலும் முற்றமில்லை. அங்கும் உலர்த்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இது புலம்பெயர்ந்தோரின் விடயம் மட்டுமன்று.

நான் நாடு திரும்பும் நாளன்று மருமகள் குசினிச் சுவரில் ஒரு கொழுக்கியை அறைந்து, முழுக்குத் துவாய்களை அதில் தனியே தொங்கவிட்டிருந்தாள். கீழ்த்தளத்தின் எச்சரிக்கைக் கருவிக்கு அவளுடைய கணவர் புதிய மின்கலம் போட்டார். அந்த இளைஞன் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, தான் இப்போது வேறு வீட்டுக்கு மாறிவிட்டதாகவும், அங்கு குடிபுகுந்த முதல்நாள் உலர்த்தியின் வடிகட்டி வலையைக் கழற்றிப் பார்த்ததாகவும் கூறினான். அதில் ஒரு கைப்பிடியளவு பஞ்சு இருந்ததாம்.